பிரேக் பேட் வீட்டிலேயே மாற்ற என்னென்ன டூல்ஸ் வேண்டும்?

கத்துக்குட்டி:

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக காரின் பிரேக்கில் கால் வைத்தாலே முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம், கரும்பலகையில் நகத்தால் கீறுகிற மாதிரி. முதலில் தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நேற்று செல்போன் டார்ச்சை அடித்து வீல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். வெளிப்பக்க பேடில் இன்னும் சதை இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் சத்தம் குறையவில்லை. எப்படியும் வாங்கியதிலிருந்து பேட் மாற்றியதே இல்லை என்பதால் இந்த முறை நானே மாற்றிப் பார்க்கலாம் என்று ஆசை.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அரை நாள் வேலை, தெரியும். போன தடவை விட்டபோது சக்கர நட்டுகளை ஏர் கன் வைத்து அடித்து இறுக்கி அனுப்பியிருந்தார்கள். அப்புறம் ஒரு நாள் நடுவழியில் பஞ்சர். எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தும் ஒரு நட்டு அசையவில்லை, லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து நீளமான பைப்பை மாட்டித்தான் கழற்றிக் கொடுத்தார். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

கையில் இருப்பது: காரோடு வந்த மடக்கு ஜாக்கி, எல் ஸ்பேனர், 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், இரண்டு திருப்புளி, சுத்தியல், சின்ன ஆலன் கீ செட் ஒன்று. வீடியோக்களில் ஒருவர் மூன்றே டூலில் வேலையை முடிக்கிறார், இன்னொருவர் பின்னால் அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறார். இதில் எதை நம்புவது? குறிப்பாக மூன்று சந்தேகம். அந்த மடக்கு ஜாக்கி போதுமா? குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவுகிற டார்க் ரென்ச் அவசியமா, இல்லை ஆடம்பரமா? பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கென்றே ஒரு டூல் விற்கிறார்கள், அது வேண்டுமா?


பழைய டீசல்:

தம்பி, இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் ஒரு சக்கரத்தைக் கழற்றி கேலிப்பரின், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கில் பேடுகளை அழுத்துகிற பாகத்தின், பின்பக்கத்தைப் பாருங்கள், போட்டோ எடுங்கள், திரும்ப மாட்டிவிடுங்கள். பேட் மாற்றப் போகிறேன் என்று ஒரு செட் நிறைய பாக்ஸ் ஸ்பேனர் வாங்கி, கடைசியில் தன் வண்டிக்கு வேண்டிய ஒரே ஒரு சைஸ் மட்டும் அதில் இல்லாமல், பாதி கழற்றிய வண்டியை வைத்துக்கொண்டு கடைக்கு ஓடியவன் நான். கேலிப்பர் போல்ட் சில வண்டிகளில் 12, சிலவற்றில் 13, 14. சிலவற்றில் போல்ட் தலையே இருக்காது, உள்ளே ஆலன் கீ போகிற அறுகோணக் குழி இருக்கும், அல்லது நட்சத்திரக் குழி. கேலிப்பர் வழுக்கி நகர்கிற கம்பியை, அதாவது பின்னை (pin), ஒரு கையால் பிடித்துக்கொள்ள 15 அல்லது 17-இல் ஒல்லியான ஸ்பேனர் கேட்கிற டிசைனும் உண்டு. இதெல்லாம் பார்த்தால்தான் தெரியும், பட்டியல் போட்டுத் தெரியாது.

ஆனால் பார்ப்பதற்கே சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்பதால் ஜாக்கியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மடக்கு ஜாக்கி ஸ்டெப்னி மாற்றக் கொடுத்தது. காரைத் தூக்கத் தூக்கும், அதோடு சரி. பேட் வேலையில் போல்ட்டை இழுப்பீர்கள், சுத்தியலால் தட்டுவீர்கள், கேலிப்பரை ஆட்டுவீர்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த ஜாக்கி கொஞ்சம் சாயும். அதனால் முதல் செலவு ஆக்ஸில் ஸ்டாண்ட், ஒரு ஜோடி. ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டை பாடி ஓரத்தில் கம்பெனி குறித்திருக்கிற இடத்துக்குக் கீழே வைத்து, காரை அதன் மேல் இறக்கி, கையால் நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் படுக்கை வாட்டில் காருக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஸ்டாண்ட் சரிந்தால்கூட கார் அதன் மேல் உட்காரும், உங்கள் கை தப்பிக்கும். டிராலி ஜாக்கி இருந்தால் வசதி, இல்லாவிட்டால் மடக்கு ஜாக்கியிலேயே தூக்கி ஸ்டாண்டில் இறக்கலாம், நேரம்தான் ஆகும். தரை சமமான சிமெண்ட் தரையாக இருக்கட்டும். தார்த் தரை வெயிலில் இளகும், ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும், வேறு வழியில்லை என்றால் கீழே தடிமனான பலகை போடுங்கள். மண் தரை வேண்டவே வேண்டாம்.

பின் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் முட்டுக்கட்டை. ஆம், நிஜமான முட்டுக்கட்டை, மற்றவர் காரியத்துக்குப் போடுவது இல்லை. மரக்கட்டையை ஆப்பு மாதிரி அறுத்தாலே போதும், செங்கல் வைக்காதீர்கள், அது நொறுங்கும். முன்பக்க வேலை என்பதால் ஹேண்ட் பிரேக்கையும் போட்டுக்கொள்ளலாம்.

டார்க் ரென்ச் ஆடம்பரம் இல்லை, வாங்குங்கள். ஏர் கன்னால் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது, அதே தப்பை இனி நீங்கள் கையால் செய்வீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சக்கர நட்டு பெரும்பாலான கார்களில் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்கும். கேலிப்பரைப் பிடிக்கிற சின்ன பின் போல்ட்டுகளோ 25 முதல் 35-க்குள். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும். இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று: சக்கரத்துக்கு வாங்குகிற பெரிய அரை இஞ்ச் ரென்ச் 40-இல் தொடங்கி 200 வரை போகும், அதில் 28 வைக்கவே முடியாது. சின்ன போல்ட்டுக்கு இன்னொரு சின்ன ரென்ச் வேண்டும், அல்லது கைக்கணக்கு. 30 செ.மீ. நீளமுள்ள கம்பியின் நுனியில் 10 கிலோ எடை கொடுக்கிற அளவுக்கு இழுத்தால் சுமார் 30 நியூட்டன் மீட்டர். அந்த 10 கிலோ எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் ஒரு அரிசிப் பையையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். உடம்பு மொத்தத்தையும் கொடுத்து இழுக்கிற போல்ட் இல்லை அது, மறை போய்விடும். டார்க் ரென்ச்சால் நட்டைக் கழற்றவும் கூடாது, வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கித்தான் பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் களைத்துப்போய் பொய் சொல்ல ஆரம்பிக்கும். கழற்ற தனியாக ஒரு நீளமான கைப்பிடிக் கம்பி வாங்குங்கள், லாரிக்காரரின் பைப் மாதிரி. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்கிவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

பிஸ்டன் டூல் முன்பக்கத்துக்குத் தேவையில்லை. 6 இஞ்ச் சி கிளாம்ப் ஒன்று, பழைய பேட் ஒன்று. பேடைப் பிஸ்டன் முகத்தில் வைத்து, கிளாம்ப்பை அதன் மேல் முறுக்கினால் பிஸ்டன் கோணாமல் நேராக உள்ளே போகும். மெதுவாக, அரை அரைச் சுற்றாக. அதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றுங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறும், ஏற்கெனவே யாராவது நிரப்பி வைத்திருந்தால் வழிந்து பெயிண்ட்டில் இறங்கும். பிரேக் ஆயில் பெயிண்ட்டை உரித்துவிடும். ஒரு பெரிய சிரிஞ்ச் பக்கத்தில் இருக்கட்டும், ஏறினால் உறிஞ்சிக்கொள்ளலாம். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துணியால் துடைத்தால் பரவும்.

கடைசியாக ஒரு முழம் கெட்டிக் கம்பி. கழற்றிய கேலிப்பரை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட. அதன் முழு எடையையும் பிரேக் ஹோஸில் (ஆயில் வருகிற ரப்பர் குழாய்) தொங்கவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ரப்பர் கிழிந்து வால்வு மாதிரி மூடிக்கொள்ளும், பிரேக் பிடித்தபடியே நிற்கும். ஏன் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு மாதம் ஆகும்.


சனிக்கிழமை மெக்கானிக்:

பழைய டீசல் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. பிஸ்டனைத் தள்ளும்போது பழைய அழுக்கு ஆயிலை ஏ.பி.எஸ். யூனிட் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) வழியாகப் பின்னால் தள்ளுவது நல்லதில்லை. கேலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டு, நிப்பிளை லேசாகத் திறந்துகொண்டு தள்ளினால் கேலிப்பரில் தேங்கிய கருப்பு ஆயில் வெளியே போய்விடும். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். கூடுதலாக வேண்டியது 8, 10 அல்லது 11 ரிங் ஸ்பேனர், ஒளி ஊடுருவும் டியூப், காலி பாட்டில். ஸ்பேனர் அவரிடம் இருக்கிறது, டியூப்பும் பாட்டிலும் ஒரு செலவே இல்லை.


பழைய டீசல்:

நீங்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் முதல் தடவை செய்கிறவரிடம் அதைச் சொல்லலாமா? வாங்கியதிலிருந்து யாரும் தொடாத நிப்பிள் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும், ஸ்பேனர் வைத்துத் திருகினால் தலை கையோடு வந்துவிடும். அப்புறம் பேட் வேலை கேலிப்பர் வேலையாக மாறும். திறந்தாலும், மூடுவதற்குள் கிளாம்ப்பை விட்டால் காற்று உள்ளே போய்விடும், அதை வெளியேற்ற, அதாவது பிளீட் செய்ய, இன்னொரு ஆள் வேண்டும். நான் முப்பது வருடமாக நிப்பிளைத் தொடாமல் மெதுவாகத் தள்ளுகிறேன், ஒரு ஏ.பி.எஸ். யூனிட்டும் போனதில்லை. ஆயில் பழையது என்றால் அதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளட்டும், எப்படியும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியதுதான், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.


சனிக்கிழமை மெக்கானிக்:

துருப்பிடித்த நிப்பிள் என்றால் ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. கத்துக்குட்டி, நிப்பிளுக்கு ரப்பர் மூடி இருந்து, உள்ளே சுத்தமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லாவிட்டால் அண்ணன் வழி. இரண்டு பக்க கேலிப்பரையும் ஒரே நேரத்தில் கழற்றி வைக்காதீர்கள், இங்கே தள்ளும்போது அங்கே பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்தது. எது எங்கே இருந்தது என்று குழம்பினால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும் வசதி.


கத்துக்குட்டி:

அண்ணன் சொன்னபடி ஸ்டாண்ட் மட்டும் வாங்கி இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். நல்லவேளை பார்த்தேன்.

ஒன்று, ஐந்து நட்டில் ஒன்று திருட்டுப் பூட்டு நட்டு, அதற்கென்று தனி சாவி. அந்த சாவி எங்கே என்று ஒரு மணி நேரம் தேடி, கடைசியில் ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு சின்ன பாலிதீன் பையில் கிடைத்தது. இரண்டு, கேலிப்பருக்கு போல்ட் தலையே இல்லை. பின்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் மூடி, அதைப் பிடுங்கினால் உள்ளே ஆலன் கீ குழி. என் செட்டில் 6 ஆடுகிறது, 8 நுழையவில்லை. 7 என்று ஒன்றே என் செட்டில் கிடையாது! 6-க்கு அடுத்து நேராக 8. வெளிப்பக்கம் தடிமனான கம்பி ஸ்பிரிங் ஒன்று கேலிப்பரை அணைத்துப் பிடித்திருக்கிறது.

மூன்று, இதுதான் விஷயம். குனிந்து உள்பக்கம் பார்த்தால் அங்கே இருக்கிற பேட் தகடாகத் தேய்ந்திருக்கிறது, 2 மி.மீ. இருந்தால் அதிகம். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு தகட்டு நாக்கு டிஸ்க்கை உரசுகிறது, சத்தம் அங்கிருந்துதான். வெளிப்பக்கம் இருக்கிற பேடில் நிச்சயம் 6 மி.மீ. இருக்கிறது. ஒரே கேலிப்பரில் இருக்கிற இரண்டு பேட் ஏன் இப்படி வேறு வேறாகத் தேய்கிறது? சக்கரம் வழியாக மட்டும் பார்த்துவிட்டு இன்னும் இருக்கிறது என்று ஓட்டியிருப்பேன்.


ரப்பர் புஷ்:

வணக்கம் கத்துக்குட்டி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன், என் வண்டியும் இதே மாதிரிதான் இருந்தது.

உங்கள் கேலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பிரேக் மிதித்தால் பிஸ்டன் உள்பக்க பேடை டிஸ்க்கில் அழுத்தும், அந்த எதிர்விசையில் கேலிப்பர் மொத்தமும் இரண்டு பின்கள் மேல் உள்நோக்கி நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்து அழுத்தும். பின் துருவேறியோ காய்ந்தோ நகராமல் போனால் உள்பக்க பேட் மட்டும் உழைக்கும், வெளிப்பக்கம் சும்மா வேடிக்கை பார்க்கும். காலை எடுத்த பிறகும் உள்பக்க பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. 6-க்கு 2 என்றால் பின்னைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். புது பேட் மட்டும் போட்டு மூடிவிட்டால் அதே கதை திரும்பவும் நடக்கும்.

அதனால் உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டியவை: 7 மி.மீ. ஆலன் பிட், சாவி மாதிரி வளைந்தது இல்லை, ராட்செட்டில் மாட்டுகிற பாக்ஸ் வகை. குழியில் சேர்ந்திருக்கிற அழுக்கை ஒரு ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, பிட்டை அடிவரை தட்டி இறக்கிய பிறகுதான் திருப்ப வேண்டும். அரைகுறையாக நுழைத்துத் திருப்பினால் குழி வட்டமாகிவிடும், அதற்கப்புறம் பின்னை எடுக்க வெல்டிங் வைக்கிற ஆளைத் தேட வேண்டியிருக்கும். வெளிப்பக்கக் கம்பி ஸ்பிரிங்கைத் திருப்புளியால் நெம்பும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நெம்புங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது பறந்து போய் பக்கத்து வீட்டுத் தொட்டியில் விழுந்தது, கண்ணில் விழாதது என் நேரம்.

கிரீஸ் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை. எல்லா வீடியோவிலும் பின்னில் கிரீஸ் பூசச் சொல்வார்கள். ரப்பர் உறைக்குள் வழுக்கிப் போகிற சாதாரண பின்னுக்கு அது சரி, பிரேக்குக்கென்றே வருகிற சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். ஆனால் உங்களுடையது போல 7 மி.மீ. குழியும் ரப்பர் புஷ்ஷும் உள்ள டிசைனில் பல கம்பெனிகள் பின்னைச் சுத்தமாகத் துடைத்து கிரீஸ் இல்லாமல் மாட்டத்தான் சொல்கின்றன. மேனுவலில் பார்த்துவிடுங்கள். எந்த டிசைனாக இருந்தாலும் பேரிங்கில் போடுகிற சாதாரண கிரீஸை பிரேக் ரப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பெருத்து, பின்னை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பேடின் இரு முனையிலும் நீட்டியிருக்கிற காதுகள் பிராக்கெட்டில் (பேடைத் தாங்குகிற சட்டம்) உட்கார்கிற இடத்தில் மட்டும் செராமிக் பேஸ்ட் ஒரு பூச்சு, ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற அளவுக்கு வேண்டாம். பேட் முகத்திலும் டிஸ்க்கிலும் கைரேகைகூடப் படக் கூடாது.

கம்பி பிரஷ் கட்டாயம். பேட் காது உட்கார்கிற இடத்தில் துரு பொங்கியிருந்தால் புது பேட் நுழையவே நுழையாது, நீங்கள் தப்பான பேட் வாங்கிவிட்டோமோ என்று குழம்புவீர்கள். பழைய உப்புத்தாளும் அரமும் அங்கே உதவும், ஆனால் புது பேடின் காதைத் தேய்க்காதீர்கள், துருவைத் தேயுங்கள்.

அப்புறம் தூசி. வாயால் ஊதுவது, காற்றடிப்பது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுவது எல்லாம் கூடாது. பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததா இல்லையா என்று பார்த்து யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கீழே ஒரு தட்டு வைத்து, பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து நனைத்துக் கழுவி இறக்குங்கள், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டப்பா போதாது, இரண்டு வாங்குங்கள். எனக்கு எப்போதும் இரண்டாவது பக்கத்தின் நடுவில்தான் தீர்ந்துபோகிறது.

டிஸ்க்கையும் அளந்துவிடுங்கள். அதன் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமனைப் பொறித்திருப்பார்கள், 22 மி.மீ. டிஸ்க் என்றால் 19 அல்லது 20 என்று இருக்கும். தடிமன் அளக்கிற வெர்னியரை நேராகக் கவ்வ வைத்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கிற மேட்டில் உட்கார்ந்துகொண்டு நிஜத்தைவிட அதிகம் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் ஒன்றை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள்.


ஓரமாக நிற்பவன்:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு மாற்ற வேண்டியது பின்பக்கம். பின்னாலும் டிஸ்க்தான், ஹேண்ட் பிரேக் நெம்புகோல் கிடையாது, பட்டன். இதே சி கிளாம்ப்பில் முடிந்துவிடுமா?


சனிக்கிழமை மெக்கானிக்:

முடியாது, கிளாம்ப்பைக் கீழே வையுங்கள்! பட்டன் வகையில் பின் கேலிப்பரில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும், அது திருகை முன்னால் தள்ளிப் பிஸ்டனைப் பிடித்து வைத்திருக்கும். அதைப் பின்னால் இழுக்காமல் கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளே பல்சக்கரம் உடையும். முதலில் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேன் டூல் வைத்து சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும். சில வண்டிகளில் பட்டனையும் பெடலையும் ஒரு வரிசையில் அழுத்தியே அந்த மோடுக்குப் போகலாம், உங்கள் மேனுவலில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வேலை முடிகிறவரை யாரும் அந்த பட்டனைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் கேலிப்பருக்குள் இருக்கும்போது மோட்டார் ஓடினால் நினைக்கவே வேண்டாம்.

கேபிள் ஹேண்ட் பிரேக் உள்ள பின் டிஸ்க்காக இருந்தால் கதை வேறு. அதில் பெரும்பாலும் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே அனுப்ப வேண்டும், முகத்தில் இரண்டு அல்லது நான்கு பள்ளம் இருந்தால் அதுதான் அடையாளம். அழுத்திக்கொண்டே திருப்புகிற டூல் செட்டாகக் கிடைக்கும், அதை வாங்குவது நல்லது, இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுத்தான் இந்த வேலை என்பதால் முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, கியரும் போட்டிருக்க வேண்டும்.


ஓரமாக நிற்பவன்:

நன்றி. பின்பக்கத்தை ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடுகிறேன்.


கத்துக்குட்டி:

முடிந்தது! ஞாயிறு காலை ஏழரைக்கு ஆரம்பித்தேன். இடது பக்கம் இரண்டரை மணி நேரம், வலது பக்கம் நாற்பதே நிமிடம்.

ரப்பர் புஷ் சொன்னது சரி. இடது பக்கம் கீழ் பின் அசையவே இல்லை, ராட்செட்டில் சுழன்றதே தவிர வெளியே வரவில்லை. கேலிப்பரைக் கொஞ்சம் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இழுத்த பிறகு, பாதி பளபளப்பும் பாதி செங்கல் பொடியுமாக வெளியே வந்தது. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தேன், துரு போன இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதை மாட்ட மனம் வரவில்லை, அங்கேயே நிறுத்திவிட்டு புது பின்னும் புஷ்ஷும் வாங்கி வந்தேன், அந்த இரண்டரை மணி நேரத்தில் அது ஒரு மணி நேரம். வலது பக்கம் இரண்டு பின்னும் விரலால் இழுத்தாலே வந்தன, துடைத்து மாட்டினேன், மேனுவலில் கிரீஸ் என்ற பேச்சே இல்லை.

சி கிளாம்ப் வேலையை அழகாகச் செய்தது. ஒரு சிக்கல், புது உள்பக்க பேடின் முதுகில் மூன்று விரல் மாதிரி ஸ்பிரிங் இருக்கிறது, அது பிஸ்டனின் குழிக்குள் போய் உட்கார வேண்டும். முதலில் நான் அந்த பேடை வெளிப்பக்கம் வைக்கப் பார்த்து, ஏன் உட்கார மாட்டேன் என்கிறது என்று கால் மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். வலது பக்கத்தைக் கழற்றாமல் வைத்தது அப்போதுதான் கை கொடுத்தது, போய்ப் பார்த்துவிட்டு வந்து மாற்றி வைத்தேன். நிப்பிளைத் தொடவில்லை, அது துருவாகத்தான் இருந்தது. ஆயில் டப்பாவில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியது, சிரிஞ்சில் இரண்டு தடவை உறிஞ்சினேன்.

பின்னுக்குச் சின்ன டார்க் ரென்ச் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன், மேனுவலில் இருந்த 28 வைத்து இறுக்கினேன். முன்பு என் கணக்கில் இறுக்கியிருந்தால் அதைப் போல இரண்டு பங்கு இறுக்கியிருப்பேன் என்று இப்போது தெரிகிறது, அந்த கிளிக் அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. டிஸ்க் 20.8, பொறித்திருப்பது 19, தப்பித்தேன்.

ஒரே ஒரு பயம் வந்தது. எல்லாம் மாட்டி இறக்கிவிட்டு உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விட்டது. நெஞ்சு திக்கென்றது. அப்புறம் மெதுவாக மிதித்து மிதித்து எடுத்தபோது ஏழெட்டாவது மிதிக்கு பெடல் கெட்டியாகி மேலே வந்து நின்றது. பிஸ்டன் உள்ளே இருக்கிறது, வெளியே வந்து பேடைத் தொடுகிறவரை அப்படித்தான் என்று பிறகு புரிந்தது. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்!


பழைய டீசல்:

அது என் தப்புதான் தம்பி, கை பழக்கத்தில் செய்வதால் சொல்ல மறந்துவிட்டேன். காரை ஓர் அடிகூட நகர்த்தும் முன் பெடலை மிதித்துக் கெட்டியாக்கிவிட வேண்டும். இதை மறந்து வீட்டு கேட்டை இடித்தவர்கள் உண்டு. மிதித்த பிறகு ஆயில் அளவையும் திரும்பப் பாருங்கள்.

இனி பேடைப் பழக்குங்கள். ஆள் இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள், முழுசாக நிறுத்தாமல், எட்டு பத்து தடவை, நடுவில் டிஸ்க் ஆறுகிற மாதிரி கொஞ்சம் ஓட்டிக்கொண்டே. பேட் பெட்டியில் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படி. லேசாகக் கருகல் வாடை வரும், பயப்பட வேண்டாம். ஒரு 100 கி.மீ. ஓட்டிய பிறகு சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் இன்னொரு முறை சரிபாருங்கள்.


கத்துக்குட்டி:

நேற்று பழக்கியாயிற்று, வாடை வந்தது, போய்விட்டது. நட்டுகளை இன்று சரிபார்த்தேன், எல்லாம் 110-இல் கிளிக் என்றது, ஏறி நின்று குதிக்க வேண்டியதில்லை. கீச்சு சத்தம் சுத்தமாக இல்லை.

ஆனால் அது நின்றதும் பின்பக்கத்தில் வலது சக்கரத்திலிருந்து ஒரு கடகட சத்தம் கேட்கிறது. இத்தனை நாள் முன்பக்கக் கீச்சில் அது காதில் விழாமலே இருந்திருக்கிறது. பின்னால் எனக்கு டிரம். இதற்கு என்ன டூல் வாங்க வேண்டும்?


பழைய டீசல்:

ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.